எலி முழங்காலுக்கு எம்ஆர்ஐ காயில் நாமளே சுத்தலாமா? (1.5 டெஸ்லா, படம் ஒரே புள்ளிக்காடா வருது)

எலிக்கால்:
எல்லாருக்கும் வணக்கம். கால்நடை மருந்தியல்ல பிஎச்டி பண்ணுதேன். எலி முழங்கால் மூட்டுக்குள்ள மோனோசோடியம் அயோடோஅசிட்டேட் ஊசி போட்டு மூட்டுத் தேய்மானம் வரவழைச்சு, அதுக்கு ஒரு மூலிகைச் சாறு கொடுத்து குருத்தெலும்பு எவ்வளவு மிஞ்சுதுன்னு பாக்கதுதான் சோலி. வழக்கமா வாரத்துக்கு ஒரு கூட்டம் எலியக் கொன்னு கால வெட்டி ஸ்லைடு போட்டுத்தான் பாப்பாங்க. அதே எலிய வாராவாரம் ஸ்கேன்ல பாத்தா எலியும் மிச்சம், ஒரே கால்ல வர மாத்தமும் தெரியும்னு கைடுகிட்ட பேசி, எத்திக்ஸ் கமிட்டி அனுமதியும் வாங்கியாச்சு.

சின்ன மிருகத்துக்குன்னே செஞ்ச மிஷின் நம்ம ஊர்ப்பக்கம் கிடையாது. பாளையங்கோட்டைல ஒரு ஸ்கேன் சென்டர்ல ராத்திரி பேஷன்ட் எல்லாம் போன பொறவு 1.5 டெஸ்லா (காந்த பலம்) மிஷின்ல நேரம் தாரோம்னு சொல்லியிருக்காங்க. முதல்ல உசுரோட உள்ள எலி வேண்டாம்னு ஸ்லைடுக்குப் போக வேண்டிய ஒரு கால மட்டும் வாங்கிட்டுப் போய் மனுஷ மணிக்கட்டுக் காயில்ல (சிக்னல் வாங்குத கம்பி வளையம்) வச்சு எடுத்தோம். 0.3 மில்லிமீட்டர்ல எலும்பு தெரியுது, குருத்தெலும்பு இருக்க மாதிரியும் இருக்கு இல்லாத மாதிரியும் இருக்கு. 0.1க்கு இறக்கினா படம் பூரா புள்ளிக்காடு. எலிக்கு அந்த இடத்துல குருத்தெலும்பே 0.2 மில்லிமீட்டர் பக்கந்தான் இருக்கும், அதனால 0.1க்கு மேல போனா எனக்கு பிரயோஜனம் இல்ல.

நாலு சேனல் அர்ரே காயில் (நாலு குட்டி வளையம் சேந்தது) ஒண்ணு சின்னதா செஞ்சா சரியாயிடும்னு ஒருத்தர் சொன்னாரு. செய்ய முடியுமா, யாராவது செஞ்சிருக்கியளா?

ஹைகிரவுண்ட்_டெக்:
பதினாலு வருஷமா எம்ஆர்ஐ டெக்னீஷியனா இருக்கேன். காயில் செஞ்சதில்ல, ஆனா உங்க புள்ளிக்காடு ஏன்னு கணக்கு சொல்லுதேன். மனுஷ முழங்காலுக்கு நாங்க எடுக்கது சுமாரா 0.5க்கு 0.5, ஸ்லைஸ் 3 மில்லிமீட்டர், அதாவது ஒரு வோக்சல் (படத்தோட ஒரு குட்டிப் பெட்டி) 0.75 கன மில்லிமீட்டர். நீங்க கேக்கது மூணு பக்கமும் 0.1, அது 0.001 கன மில்லிமீட்டர். 750ல ஒரு பங்கு தண்ணிதான் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு, அதுக்குத் தக்கன சிக்னலும் 750ல ஒரு பங்கு.

பல தடவ எடுத்து ஆவரேஜ் கூட்டி சரி பண்ணலாம்னு நெனைக்காதீங்க. இரைச்சல் (அந்தப் புள்ளிக்காடு) சதுரமூலத்துலதான் குறையும், 750 மடங்கு மீட்கணும்னா 750 இன்ட்டு 750, அஞ்சரை லட்சம் தடவைக்கு மேல எடுக்கணும். 3டி எடுத்தா கொஞ்சம் கைகொடுக்கும், ராத்திரி முழுக்க ஓட்டினா இன்னும் கொஞ்சம். மிச்சம் எல்லாம் காயில்லதான் வரணும். நான் டூட்டில இருக்க ராத்திரின்னா ஒத்தாசைக்கு வாரேன்.

பாளை_ரேடியோ:
எம்மா தாயி, அர்ரே கிர்ரேன்னு போகாத. நான் ரேடியோ ஸ்டேஷன்ல டிரான்ஸ்மிட்டர் பாத்து ரிட்டயர் ஆனவன், ஹாம் லைசென்ஸ் உண்டு, எம்ஆர்ஐ எனக்குப் பொறத்தியார் வீடு. ஆனா 64 மெகாஹெர்ட்ஸ் எனக்குப் பொறத்தி இல்ல. புரோட்டானுக்கு டெஸ்லாவுக்கு 42.58 மெகாஹெர்ட்ஸ், 1.5க்குப் பெருக்கினா 64 கிட்ட வருது, டிவி சேனல் போன பழைய விஎச்எஃப் பட்டை. அந்த அலைவரிசைல சின்னதா ஒரு வளையம் சுத்தி ட்யூன் பண்ணுததுதான் காரியம்.

முதல்ல ஒண்ணு வெளங்கிக்கணும். 1976ல ஹோல்ட்டும் ரிச்சர்ட்ஸும் எழுதுன விஷயம் இது: ஒரு காயில்ல ஒரு ஆம்பியர் விட்டா ஒரு புள்ளில எவ்வளவு காந்தப்புலம் வருமோ அந்த அளவுக்குத்தான் அந்தப் புள்ளில உள்ள தண்ணி அந்தக் காயிலுக்கு சிக்னல் கொடுக்கும். வளையம் சின்னதா இருந்தா நடுவுல புலம் கூட, பெருசா இருந்தா கொறச்சல். கோயில் கொடை அன்னைக்கி மைக்செட் அலறும்போது ஒருத்தன் சொல்லுதது கேக்கணும்னா காதை அவன் வாய்கிட்ட கொண்டு போணும், அவ்வளவுதான். மணிக்கட்டுக் காயில் எலி முழங்காலுக்கு ஒரு வீடு அகலம்.

ரெண்டாவது, இரைச்சல் எங்கேருந்து வருதுன்னு பாக்கணும், இங்கதான் நிறையப் பேரு வழுக்குதாவ. மனுஷ ஒடம்புக்கு வைக்க பெரிய காயில்ல இரைச்சல் பூரா அந்த மனுஷ ஒடம்புலேருந்து வரும், உப்புத்தண்ணிலா, அதுல சுழல் கரண்டு ஓடும். காயில் கம்பி எவ்வளவு நல்ல கம்பியா இருந்தாலும் ஒண்ணும் பெருசா மாறாது. ஆனா வளையத்த சுருக்கிக்கிட்டே வந்தா ஒடம்போட இரைச்சல் மடமடன்னு கொறஞ்சு போவும், கடைசில மிஞ்சுதது காயில் செம்புக் கம்பியோட சொந்த ரெசிஸ்டன்ஸ் மட்டும். எலிக்கால்ல நீ அந்த இடத்துல நிக்கே. அங்க சண்டை எலியோட இல்ல, உன் கம்பியோட, சால்டரோட, கெப்பாசிட்டரோட.

இதுக்கு வளையம் என்ன அளவுன்னு ஒரு கணக்கு இருக்கு. ஆழம்னா தோல்லேருந்து நீ பாக்க வேண்டிய இடம் வரைக்கும். ஒடம்பு இரைச்சல் கை ஓங்கியிருந்தா வளையத்தோட ஆரம் ஆழத்துல பாதிக்கும் கொறைவா (ஆழத்த 5ஓட சதுரமூலத்தால வகுக்கணும்) வச்சா அந்த ஆழத்துக்கு நல்லது. கம்பி இரைச்சல் கை ஓங்கியிருந்தா ஆரமும் ஆழமும் சமம். எலி முழங்கால் நடுவு ஒரு 6 மில்லிமீட்டர் ஆழம்னா 12 மில்லிமீட்டர் விட்டத்துல ஒரு வளையம். ஒரு மில்லிமீட்டர் கம்பில சுத்தினா 19 நானோஹென்றி வரும். ஒரே சுத்து, பாக்க மோதிரம் அளவுதான்.

அபிஷேகப்பட்டி_பிசிக்ஸ்:
சுந்தரனார் யுனிவர்சிட்டில எம்எஸ்சி முடிச்சிட்டு இப்ப வெளிநாட்டுல 9.4 டெஸ்லா சின்ன மிருக மிஷின்ல வேல பாக்குறேன். அண்ணாச்சி சொன்ன அடிப்படை சரிதான், ஆனா அர்ரேய அப்படி ஒரேயடியா ஒதுக்க வேண்டாம்னு தோணுது. 1990ல ரோமர் குழு அர்ரேய கொண்டுவந்ததே சின்ன வளையத்தோட உணர்திறனையும் பெரிய வளையத்தோட பரப்பையும் சேர்த்து வாங்கத்தான். முழங்கால் ஒரு மூட்டுதான், ஆனா முன்னாடி பட்டெல்லா (முழங்கால் சில்லு), பின்னாடி மெனிஸ்கஸ் (மூட்டுக்கு நடுவுல உள்ள மெத்தை), ரெண்டு பக்கமும் பாக்கணும்னா மேல வச்ச ஒத்த வளையத்துல மேல்பக்கம் பளிச்சுன்னும் கீழ்ப்பக்கம் இருட்டாவும் வரும். வாராவாரம் அளந்து ஒப்பிடுற வேலைக்கு அது தொந்தரவு.

இன்னொண்ணு, 1.5 டெஸ்லாவுல இவ்வளவு மெனக்கெடுறதுக்கு 7 டெஸ்லா இருக்குற இடத்துக்கு எலியக் கொண்டு போயிட்டா என்ன? 7ல ஃப்ரீக்வென்சி 300 மெகாஹெர்ட்ஸ் கிட்ட, சிக்னலே பல மடங்கு. இதைவிட முக்கியம் கிரேடியன்ட், அதாவது இடத்துக்கு இடம் புலத்த மாத்தி நுணுக்கம் கொடுக்குற காந்தப்புலச் சரிவு. மனுஷ மிஷின்ல மீட்டருக்கு 30, 40 மில்லிடெஸ்லா, சின்ன மிருக மிஷின்ல 400க்கு மேல சாதாரணமா கிடைக்கும்.

பாளை_ரேடியோ:
தம்பி, நீரு அங்க உக்காந்துக்கிட்டு 9.4 டெஸ்லாவ வச்சிருக்கீரு, பிள்ளைக்குக் கெடச்சது ராத்திரி 1.5. வாராவாரம் எலியத் தூக்கிக்கிட்டு ரயிலேற முடியுமா? இருக்கத வச்சு சொல்லும்.

அர்ரேக்கு வாரேன். நீரு சொன்ன 1990 சரக்கு ஒடம்பு இரைச்சல் கை ஓங்கின இடத்துல செல்லும். இங்க ஒவ்வொரு குட்டி வளையமும் தன் கம்பி இரைச்சலயும் தூக்கிக்கிட்டுல்லா வரும். ஒரு வளையத்த நாலா ஒடச்சா நடுமூட்டுல லாபம் இல்ல, பலசமயம் நட்டம். தோலுக்கு ஒட்டின இடத்துல மட்டும் லாபம். அது போக நாலு ப்ரீஆம்ப் (சிக்னல் பெருக்கி), நாலு டீட்யூனிங் (பல்ஸ் அடிக்கும்போது காயில அணைக்குத சுற்று), வளையத்துக்கு வளையம் ஒட்டாம மேல மேல பொருத்தி வைக்கது, ஒரு பிஎச்டி அதுலயே முடிஞ்சுபோவும்.

மேல் வெளிச்சம் கீழ் இருட்டுன்னு சொன்னீரே, அது நியாயம். அதுக்கு மருந்து அர்ரே இல்லவே, சொலினாய்டு, ஸ்பிரிங் மாதிரி சுத்துன காயில். கால அதுக்குள்ள விட்டுரு. 20 மில்லிமீட்டர் விட்டம், 3 சுத்து, நீளம் 12 மில்லிமீட்டர். கணக்குப் போட்டா 170 நானோஹென்றி கிட்ட வரும், 64 மெகாஹெர்ட்ஸுக்கு 37 பிகோஃபாரட் வேணும். நான் நேத்து ராத்திரி உக்காந்து ஒத்த வளையத்தையும் இதையும் ஒப்பிட்டேன், கம்பி இரைச்சல் மட்டும் எடுத்துக்கிட்டா மூட்டு நடுவுல சொலினாய்டு ரெண்டு மடங்கு பக்கம் நிக்கு. சுத்துக்குச் சுத்து நெருங்கி இருக்கதால ரெசிஸ்டன்ஸ் கொஞ்சம் ஏறும், அதக் கழிச்சாலும் லாபந்தான். வெளிச்சமும் ஒரே சீரா விழும்.

ஒரே ஒரு வில்லங்கம். சொலினாய்டோட அச்சு மிஷினோட காந்தப்புலத்துக்குக் குறுக்க இருக்கணும். குழாய் மிஷின்ல புலம் குழாய் நீளத்துக்கு ஓடுது. எலியோட கால் நீளவாக்குல இருந்து அதைச் சுத்தி சொலினாய்டு போட்டா அச்சும் புலமும் ஒண்ணாயிரும், சிக்னல் பூஜ்யம். அப்பம் எலியக் குறுக்கால படுக்கப் போடணும். சின்ன மிருக மிஷின்ல அதுக்கு எடமே கெடையாது, மனுஷ மிஷின் குழாய் 60 சென்டிமீட்டர், எலி தாராளமா குறுக்க கிடக்கும். உமக்கு இல்லாத வசதி பிள்ளைக்கு இருக்கு பாத்தீரா.

கன்னிநாய்:
இடைல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்கிட்ட ஒரு கன்னி நாய் இருக்கு, முயல் விரட்டி ஓடினதுல பின்னங்கால் முழங்கால்ல ஏதோ ஆயி நொண்டுது, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. இந்தக் காயில் நாய்க்கும் ஆகுமா?

ஹைகிரவுண்ட்_டெக்:
நாய்க்கு இதெல்லாம் வேண்டாம் அண்ணாச்சி. கன்னி அளவு நாய்னா மனுஷ மணிக்கட்டுக் காயில், இல்லன்னா சுத்திக் கட்டுத ஃப்ளெக்ஸ் காயில் போதும், அது முழங்கால் மனுஷக் குழந்தை முழங்கால் அளவு இருக்கும். நொண்டுததுன்னா சிலுவைத் தசைநார் அறுந்திருக்கலாம், அதுக்கு டாக்டர் கைய வச்சு எலும்ப முன்னால தள்ளிப் பாத்தே பெரும்பாலும் சொல்லிருவாரு, ஸ்கேன் பொறவுதான். ராமையன்பட்டி கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போய் காட்டுங்க.

எலிக்கால், இப்ப உங்களுக்கு ஒரு பெரிய தடங்கல் சொல்லணும். காயில் செஞ்சாலும் மிஷின்ல எங்க சொருகுவீங்க? கம்பெனிக் காயில் பிளக்குல ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடையாளக் குறியீடு இருக்கும், மிஷின் அதைப் படிச்சாத்தான் ஸ்கேனே தொடங்கும். வெளிக் காயில சொருகினா மிஷின் எடுக்காது. எடுத்தாலும் சர்வீஸ் ஒப்பந்தம் போயிரும், சென்டர்காரங்க சம்மதிக்கவே மாட்டாங்க, பெரும்பாலான கம்பெனி மிஷின்ல இதே கததான்.

அப்புறம் எலி படுத்த இடத்துல காலைல பேஷன்ட் படுக்கணும். எலியோட ரோமமும் மூத்திரமும் சில பேருக்கு ஒவ்வாமை. மூடி போட்ட அக்ரிலிக் பெட்டிக்குள்ள எலி, டேபிள்ல பிளாஸ்டிக் விரிப்பு, முடிஞ்சதும் துடைச்சு எடுக்கணும். இதுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எலிக்கால்:
பிளக் விஷயம் எனக்குத் தெரியாது. அப்போ எல்லாம் இங்கேயே நின்னுபோச்சா?

அபிஷேகப்பட்டி_பிசிக்ஸ்:
நிக்காது. பிளக்கே வேண்டாம். காயில மிஷினோட கம்பியால இணைக்காம காந்தமா இணைக்கலாம். சொலினாய்ட ட்யூன் பண்ணி கெப்பாசிட்டரோட மூடிய ஒரு தனி ரெசொனேட்டரா (அந்த அலைவரிசைல தானா அதிர்ற சுற்று) விட்டுடுங்க, கேபிள் இல்ல, ப்ரீஆம்ப் இல்ல. அதை மிஷின் ஏத்துக்குற கம்பெனிக் காயில் பக்கத்துல வைங்க. எலிக்கால் சிக்னல சொலினாய்டு வாங்கும், சொலினாய்ட்ல ஓடுற கரண்டோட காந்தப்புலத்த கம்பெனிக் காயில் வாங்கும், மிஷினுக்கு அது வழக்கமான காயில்தான். மனுஷ மிஷின்ல சின்ன மிருகம் எடுக்குறவங்க பல பேர் இப்படித்தான் செய்றாங்க.

இணைப்பு போதுமான அளவு இருந்தா நேரா கேபிள் போட்டதுக்கும் இதுக்கும் வித்தியாசம் ரொம்ப வராது. போதுமான்னு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கு. ரெசொனேட்டர் இல்லாம ஆர்எஃப் (ரேடியோ அலை) பல்ஸ் அணைச்சு வெறும் இரைச்சல ஒரு தடவை எடுங்க. ரெசொனேட்டர வச்சு மறுபடி எடுங்க. இரைச்சல் நல்லா ஏறியிருந்தா மிஷின் கேக்குறது ரெசொனேட்டர் கம்பியோட இரைச்சல், அப்போ இணைப்பு போதும். ஏறவே இல்லன்னா இணைப்பு பத்தல, கிட்ட கொண்டு போங்க. இரைச்சல் ஏறுறதப் பாத்து சந்தோஷப்படுற ஒரே இடம் இதுதான்.

எலியக் குறுக்க போடுற விஷயத்துல ஒரு திருத்தம். கம்பெனிக் காயில் தட்டையான வளையமா டேபிள்ல கிடந்தா அதோட நடுவுல புலம் செங்குத்தா மேல பாத்து இருக்கும். குறுக்க கிடக்குற சொலினாய்டோட அச்சு கிடைமட்டம். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாக்காது, இணைப்பு சுத்தமா வராது. அதனால எலிய மல்லாக்க நீளவாக்குல படுக்க வச்சு ஒரு கால மட்டும் மேல தூக்கி சொலினாய்ட செங்குத்தா நிறுத்துங்க. அச்சு அப்பவும் மிஷின் புலத்துக்குக் குறுக்கதான், கீழ கிடக்குற வளையத்தோடயும் நேரா இணையும்.

பாளை_ரேடியோ:
ஆமாவே, செங்குத்து நல்ல யோசனை. எலி பூராத்தையும் குறுக்க போடுததுக்கு ஒரு கால் மேல போனா வேல முடிஞ்சுது.

மகேந்திரகிரி_பக்கம்:
கம்பி ரெசிஸ்டன்ஸ்தான் எதிரின்னா கம்பிய குளிர வைக்கலாமே? திரவ நைட்ரஜன்ல போட்டா செம்போட ரெசிஸ்டன்ஸ் ஏழு எட்டு மடங்கு குறையும். கால்நடைக்காரங்ககிட்ட நைட்ரஜனுக்கு என்ன பஞ்சம், மாட்டுக்கு சினை ஊசி ஸ்ட்ரா வைக்கிற கேன்லயே இருக்கு.

பாளை_ரேடியோ:
நல்ல கேள்வி, ஆனா கணக்க முழுசா பாக்கணும். நேர் கரண்டுக்கு ஏழு எட்டு மடங்கு. 64 மெகாஹெர்ட்ஸ்ல கரண்டு கம்பியோட மேல்தோல்லதான் ஓடும், செம்புல அந்தத் தோல் 8 மைக்ரான்தான், அங்க கொறையது சதுரமூலத்துல, ரெண்டே முக்கா மடங்கு. கூடவே வெப்பநிலை கொறஞ்சதால இரைச்சலும் கொறையும். ரெண்டையும் சேத்தா இரைச்சல் மூணுல ஒரு பங்கா ஆவும், ஏட்டுல பிரமாதம்.

ஆனா 77 கெல்வின் கம்பிய எலித்தோல்ல ஒட்ட முடியாதுலா. நடுவுல வெற்றிட இடைவெளி 3 மில்லிமீட்டராவது வேணும், 6 மில்லிமீட்டர் ஆழம் 9 ஆவும், 12 மில்லிமீட்டர் வளையத்துக்கு சிக்னல் பாதியாயிரும். மூணு மடங்கு லாபத்துல பாதிய இடைவெளி தின்னுட்டு ஒன்றரை மடங்குதான் கைல நிக்கும். அதுக்கு கண்ணாடி வெற்றிடப் பாத்திரம் செய்யணும். பூட்டின ரூம்ல நைட்ரஜன் ஆவியானா ஆக்சிஜனத் தள்ளிரும், ஸ்கேன் ரூம்ல அது விளையாட்டுக் காரியம் இல்ல. காசு உள்ளவன் ஹீலியம் வாயுவால 30 கெல்வினுக்குக் கொண்டு போய் புரூக்கர் கம்பெனி கிரையோப்ரோப்னு விக்கான், வாங்கிக்கிடலாம். நம்ம பிள்ள முதல்ல சால்டர ஒழுங்கா வைக்கட்டும்.

எம்மா, சாமான் பட்டியல் சொல்லுதேன் கேட்டுக்கோ. கம்பி மோட்டார் வைண்டிங் கடைல கிராம் கணக்குல தருவான், 19 கேஜ் கேளு, ஒரு மில்லிமீட்டர். வெள்ளி பூசினதுதான் நல்லதுன்னு எவனாவது சொன்னா துட்ட வீணாக்காத, வித்தியாசம் நூத்துக்கு மூணு. சுத்துததுக்கு 20 மில்லி சிரிஞ்சு, அது பாலிப்ரொப்பிலீன், இந்த அலைவரிசைல நட்டம் கொறச்சல், பிவிசி குழாய் வேண்டாம். கெப்பாசிட்டர் எல்லாத்தையும் காந்தத்துல காட்டிப் பாரு, சிப் கெப்பாசிட்டர் முனைல நிக்கல் பூசியிருப்பான், இழுத்துச்சுன்னா மூட்டு மேல அது நிழல் போடும். ட்ரிம்மர் (திருகி மாத்துத கெப்பாசிட்டர்) திருகும் இரும்பா இருக்கக் கூடாது. ட்யூன் பண்ண நேனோவிஎன்ஏ (அலைவரிசை அளக்குத கையடக்கக் கருவி) போதும், சின்ன வளையம் ஒண்ணு செஞ்சு கிட்ட காட்டினா குழி விழுத எடந்தான் ஃப்ரீக்வென்சி. ஆனா 64ன்னு கண்ண மூடிக்கிட்டு வைக்காத, 1.5ன்னு சொல்லுத மிஷின் 63.6லயும் இருக்கும் 63.9லயும் இருக்கும், ஸ்கிரீன்ல சென்டர் ஃப்ரீக்வென்சி பாத்து எழுதிக்கிட்டு வா.

எலிக்கால்:
செஞ்சாச்சு. அண்ணாச்சி சொன்ன மாதிரி 3 சுத்து, 20 மில்லி சிரிஞ்சு, 33 பிகோஃபாரட் நிலையான கெப்பாசிட்டரும் ஒரு ட்ரிம்மரும். எலிக்கால வீணாக்க வேண்டாம்னு காடைக் கால் வச்சு ட்யூன் பண்ணினேன், மேலப்பாளையத்துல வாங்கினது, முழங்கால் கிட்டத்தட்ட எலி அளவுக்கே இருக்கு. க்யூ (நட்டம் எவ்வளவு கொறச்சல்னு காட்டுத எண்) காத்துல 210, காடைக்கால் உள்ள போனதும் 196. இது நல்லதா கெட்டதா?

அபிஷேகப்பட்டி_பிசிக்ஸ்:
அண்ணாச்சி சொன்னதுக்கு இதுதான் ஆதாரம். 196ஐ 210ஆல வகுத்து ஒண்ணுலேருந்து கழிச்சு சதுரமூலம் எடுங்க, 0.26 வரும். கம்பில இரைச்சலே இல்லாம இருந்தா கிடைக்கிற படத் தெளிவுல நாலுல ஒரு பங்குதான் இப்ப கிடைக்குது. மிச்சம் முக்காப் பங்க கம்பியும் சால்டரும் கெப்பாசிட்டரும் சாப்பிடுது. மனுஷ முழங்கால் காயில்ல க்யூ நாலுல ஒண்ணா அஞ்சுல ஒண்ணா விழும், அங்க கம்பிய மெருகேத்துறதுல அர்த்தம் இல்ல, இங்க இருக்கு. அர்ரே விஷயத்துல இந்த எண்ணப் பாத்த பிறகு எனக்கு வாதம் இல்ல, 1.5ல ஒத்த சொலினாய்டுதான். 9.4ல எங்க எலிக்கு அர்ரே லாபம்னு இன்னும் சொல்லுவேன், அங்க எலி இரைச்சலும் சரிக்குச் சரி வரும்.

க்யூ 196ன்னா பட்டை அகலம் 0.33 மெகாஹெர்ட்ஸ்தான். கால மாத்தும்போதெல்லாம் ட்யூன் நகரும், கம்பெனிக் காயில் பக்கத்துல வச்சா இன்னும் நகரும். அதே மாதிரி ஒரு வளையத்த வெளிய மேஜைல வச்சு அது பக்கத்துலயே ட்யூன் பண்ணிட்டு உள்ள எடுத்துட்டுப் போங்க, நேனோவிஎன்ஏவ மேக்னட் ரூமுக்குள்ள கொண்டு போகாதீங்க.

காயில் சரியானதும் அடுத்த அடி கிரேடியன்ட்ல விழும், அதையும் இப்பவே சொல்லிடுறேன். மீட்டருக்கு 30 மில்லிடெஸ்லாவுல 0.1 மில்லிமீட்டர் பிக்சல் ஒண்ணுக்கு 128 ஹெர்ட்ஸ்தான் கிடைக்கும், ஒரு வரி படிக்க 8 மில்லிசெகண்ட் ஆகும். 1.5 டெஸ்லாவுல கொழுப்புக்கும் தண்ணிக்கும் வித்தியாசம் 220 ஹெர்ட்ஸ். எலும்பு மஜ்ஜைல உள்ள கொழுப்பு ஒன்றே முக்கால் பிக்சல், அதாவது 0.17 மில்லிமீட்டர் நகர்ந்து வந்து விழும். உங்க குருத்தெலும்பு தடிமனே 0.2. கொழுப்பு அதுக்கு மேலயே வந்து உக்காந்துக்கும், நீங்க குருத்தெலும்பு வளந்துடுச்சு, மூலிகை வேல செய்யுதுன்னு எழுதிடுவீங்க. கொழுப்போட சிக்னல அமுக்காம ஒரு படமும் எடுக்காதீங்க. 3 டெஸ்லான்னா இந்த நகர்வு ரெட்டிப்பு, அந்த வகைல உங்க 1.5 பரவாயில்ல.

தசைநார் புலத்துக்கு 55 டிகிரி சாஞ்சு இருந்தா சும்மாவே பளிச்சுன்னு தெரியும், அத வீக்கம்னு எடுத்துக்க வேண்டாம். கால் எல்லா வாரமும் ஒரே கோணத்துல நிக்குறதுக்கு சிரிஞ்சுக்குள்ள காலப் பிடிச்சுக்குற ஒரு தாங்கி செஞ்சு வச்சுக்கோங்க.

ஹைகிரவுண்ட்_டெக்:
ஒரு சந்தேகம். பாடி காயில் (மிஷினுக்குள்ளயே இருக்க, பல்ஸ் அனுப்புத பெரிய காயில்) பல்ஸ் அடிக்கும்போது இந்த ரெசொனேட்டரும் ட்யூன்லதான இருக்கும்? அதுவும் சேந்து பெருக்காதா?

பாளை_ரேடியோ:
பெருக்கும், பல பத்து மடங்கு பெருக்கும். தண்ணியோட காந்தத்த 10 டிகிரி சாய்க்கச் சொன்னா என்ன டிகிரி வருதுன்னு சொல்ல முடியாது, கெப்பாசிட்டரும் சூடாவும், உசுரோட உள்ள எலின்னா தோல் வெந்துரும். அதனால கெப்பாசிட்டருக்குக் குறுக்க ரெண்டு வேகமான டயோடு எதிரும் புதிருமா வைக்கணும். பல்ஸ் வரும்போது வோல்டேஜ் ஏறி டயோடு திறந்து ட்யூன கெடுக்கும், சிக்னல் வரும்போது அது மைக்ரோவோல்ட், டயோடு தூங்கும்.

ஆனா சின்ன காயில்ல இதுலயும் ஒரு நுணுக்கம். பெரிய வளையத்துல பல்ஸ் வந்தா வோல்டேஜ் கணக்கில்லாம வரும், டயோடு படக்குன்னு திறக்கும். நம்ம 3 சுத்துல ஒரு மைக்ரோடெஸ்லாவுக்கு தூண்டுதல் 0.4 வோல்ட் பக்கந்தான், 12 மில்லிமீட்டர் ஒத்த வளையமா இருந்தா 0.045 வோல்ட். ரெசொனன்ஸ் ஏத்திவிடுததால டயோடு திறந்துரும், ஆனா 0.7 வோல்ட் வரைக்கும் உள்ள மிச்சம் அப்படியே நிக்கும், சின்ன பல்ஸுல அந்த மிச்சமே கேட்டத விட கூட. இந்த இடத்துலயும் சொலினாய்டுதான் ஒத்த வளையத்த ஜெயிக்குது. மிஷின் தானா பவர் சரி பண்ணுதத நம்பாதிய, அது மொத்த ஏரியாவையும் பாத்து முடிவு பண்ணும். பவர கையால படிப்படியா ஏத்திப் படம் எடுத்து எதுல சிக்னல் உச்சம்னு பாத்துக்கணும்.

எலிக்கால்:
டயோடு வச்சு மறுபடி க்யூ பாத்தேன், 210 இருந்தது 201 ஆயிட்டு. சரிதான?

பாளை_ரேடியோ:
சரிதான், டயோடு சும்மா இருந்தாலும் கொஞ்சம் தின்னும். சால்டர் வச்ச இடத்தக் கொஞ்சம் குட்டையாக்கினா ரெண்டு மூணு திரும்பக் கெடைக்கும்.

எலிக்கால்:
மயக்கத்துக்கு ஐசோஃபுளூரேன் மிஷின வெளிய வச்சு நீள டியூப் இழுத்துக்கலாம்னு சார் சொல்லிட்டாங்க. ரூம் ஏசிக்கு எலி ஒடம்பு குளிந்துருமேன்னுதான் பயம், வெந்நீர் ஓடுத குழாய பெட்டிக்கு அடில விடலாமா?

ஹைகிரவுண்ட்_டெக்:
விடலாம், ஆனா அந்தத் தண்ணி படத்துல தெரியும், ஓடுத தண்ணி வேற கோடு கோடா இழுக்கும், காலுக்குத் தள்ளி முதுகுப் பக்கம் மட்டும் போற மாதிரி விடுங்க. அது எலி வரும்போது பாத்துக்கலாம், முதல்ல காடைக்கால். வியாழக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு மேல மிஷின் காலி. காடைய ஐஸ்பெட்டிலேருந்து எடுத்து அப்படியே கொண்டு வராதீங்க, குளிந்த தசைல டி1 (பல்ஸுக்குப் பொறவு சிக்னல் மீளுத நேரம்) மாறியிருக்கும், தண்ணியோட ஃப்ரீக்வென்சியும் நகந்து கொழுப்ப அமுக்குதது சொதப்பும். சாந்தரமே எடுத்து வெளிய வச்சிருங்க, சிரிஞ்சுக்குள்ள காத்துக்குமிழ் இல்லாம உப்புத்தண்ணில நனைச்ச பஞ்சு கொஞ்சம் கொண்டு வாங்க, வாசல்ல வாட்ச்மேன்கிட்ட என் பேரு சொன்னா விட்டுருவாரு.